வி911எஸ்: ரிமோட் ஹெலிகாப்டர் பழக எடுத்தால் இதை எடுங்க

டபிள்யூ.எல்.டாய்ஸ் கம்பெனியின் வி911எஸ் ஒரு குட்டி ரிமோட் ஹெலிகாப்டர். நாலு சேனல் (ஏற்ற இறக்கம், முன்பின், இடவலம், திரும்புதல்), ஒற்றை ரோட்டர் (மேலே ஒரே சுழல் இறக்கைத் தொகுதி), ஃபிக்ஸட் பிட்ச் (ஏறி இறங்க இறக்கையின் சாய்வு மாறாது, சுற்றும் வேகம்தான் மாறும்). 3.7 வோல்ட், 250 எம்ஏஎச் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. எடை குறைவு, அதனால் விழுந்தாலும் பெரும்பாலும் பிழைச்சுக்கும்.

முதலில் வால் உங்க பக்கம் இருக்க, இடுப்பு உயரத்தில் ஒரே இடத்தில் நிறுத்திப் பழகுங்க. தரையை ஒட்டிப் பறந்தால் இறக்கையின் காற்றே திரும்ப அடித்துத் தள்ளாடும். பயந்து தாழ்த்துவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. மூக்கு உங்களைப் பார்த்தால் இடவலம் மாறிப்போகும். அதைப் பழக எப்படியும் சில வாரம் ஆகும்.

மோதப் போகுதுன்னு தெரிஞ்சதும் த்ராட்டிலை (இறக்கையின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சி) முழுசா இறக்கிடுங்க. இறக்கை சிக்கியபின் மோட்டார் சுத்தினால் கியர் பல் போகும், மோட்டாரும் கருகும். வால் மோட்டார் தேய்ந்தால் மூக்கு தானா ஒரு பக்கம் திரும்பும். மாற்று மோட்டார் ஒன்று கையிருப்பில் வேணும்.

குறை காற்றுதான். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பல்லடம், உடுமலைப் பக்கம் வெளியே எடுக்கவே வேண்டாம். காலியான தறிக்குடோன் போதும். சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கம் குடியிருந்தால், விமானம் பறக்கும் இடம் என்பதால், எந்தக் காலத்திலும் குடோன்தான்.

பேட்டரியைச் சூடு ஆறியபின் சார்ஜ் போடுங்க. எடுத்து வைப்பதானால் 3.8 வோல்ட்டில் வையுங்க, முழு சார்ஜில் விட்டால் உப்பிடும்.