கேனபி ஒட்டத் தெரியாதவரிடம் கிட்டைக் கொடுத்துவிடாதீர்கள்

அப்பா விமானப்படையில் மிக்-21 பிஸ் பராமரிப்பில் இருந்தவர். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு அந்த விமானத்தின் 1/48 அளவு பிளாஸ்டிக் மாடலைக் கொடுக்க ஆசை. எனக்குக் கை நடுங்கும். அதனால் கூலிக்கு மாடல் கட்டித் தருகிற ஒருவரைப் பிடித்தேன். கிட், அதாவது ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்கள் உள்ள பெட்டி, என்னுடையது. கூலி 9,000 ரூபாய், முன்பணம் 6,000. அவர் அனுப்பிய படங்கள் அருமை. எல்லாமே வால் பக்கமிருந்து எடுத்தவை என்பது அப்போது உறைக்கவில்லை.

பார்சலைப் பிரித்தால் பெயின்ட் வேலையில் குறையே இல்லை. கேனபி, அதாவது பைலட் சீட்டை மூடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி, மட்டும் கண்புரை விழுந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. டார்ச் அடித்தேன். உள்பக்கம் ஒரு கட்டைவிரல் ரேகை, வரி வரியாக, ஆதாருக்கு எடுத்தது போல!

சூப்பர் க்ளூ போட்டு ஒட்டியிருக்கிறார். அது இறுகும்போது கிளம்பும் ஆவி, மூடிய காக்பிட்டுக்குள் போக்கிடம் இல்லாமல் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். விரல் பட்ட இடத்தில் இன்னும் நன்றாகப் பிடிக்கும். தடயவியல்காரர்கள் ரேகை எடுப்பதே இந்த ஆவியை வைத்துத்தான். என் ஆள் தனக்குத் தானே சாட்சி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

போன் செய்தால், "கிட்லயே அப்படித்தான் சார் வந்துச்சு" என்றார். கொடுக்கும் முன் நான் எடுத்த படத்தை அனுப்பினேன். "சரி, திருப்பி அனுப்புங்க, க்ளீன் பண்ணித் தரேன்." அனுப்பினேன், என் புத்தி. தின்னர் போட்டுத் துடைத்திருக்கிறார், அதுவும் வெளிப்பக்கம். கேனபி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக், தின்னரைத் தாங்குமா? சிலந்திவலை மாதிரி மயிரிழை வெடிப்புகளோடு திரும்பி வந்தது. உள்ளே பனி மாதிரி படிந்த வெள்ளை அப்படியே இருந்தது.

ஒட்டும் முன்பென்றால் 2000 நம்பர் வாட்டர் பேப்பரும் பாலிஷிங் காம்பவுண்டும் வைத்துத் தேய்த்தே தெளியவைத்திருக்கலாம். ஒட்டிய பிறகு உள்ளே கை போகாது, நெம்பினால் உடையும்.

யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால், கேனபிக்கு என்ன பசை என்று முதலில் கேளுங்கள். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை என்றால் நம்பலாம்: ஆவியால் பனி படியாது, காய்ந்தால் நிறம் தெரியாது, வழிந்தால் ஈரத் துணியில் போய்விடும். "க்விக்கா ஒட்டிடும் சார்" என்றால் கிட்டை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். கடைசிப் பணத்துக்கு முன், உள்ளே சீட் தெரிகிற மாதிரி கேனபியை அருகில் எடுத்த படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

அப்பா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த கேனபியோட எந்த பைலட்டும் கையெழுத்துப் போட்டு எடுக்க மாட்டான்டா" என்று சிரித்தார். மீதி 3,000 கேட்டு நேற்றும் மெசேஜ் வந்தது.