பகல்நேரப் புற்றுநோய்ப் பிரிவு: ஒன்பது மாத அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து என் மாமியாரை மாதந்தோறும் புதுச்சேரி மருத்துவமனை ஒன்றின் பகல்நேரப் புற்றுநோய்ப் பிரிவுக்கு அழைத்துப் போகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். இடுப்பு வலித்தபோது மாவாட்டுவதால் என்றே நினைத்தோம். நோய் எலும்புக்குப் பரவியிருந்தது.

முதலில் பார்த்த வேறோர் இடத்தில் உடனே கீமோ என்றார்கள்; அத்தையிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இங்கே மருத்துவர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு, "உங்களுக்கு என்ன வேண்டும், அம்மா?" என்று கேட்டார். "உட்கார்ந்து பூக்கட்ட முடிந்தால் போதும்" என்றார் அத்தை.

பழைய அறிக்கையோடு நிற்காமல், பரவிய எலும்பிலிருந்து மறுபடி பயாப்சி, அதாவது சோதனைக்கான சிறு திசு, எடுத்தார்கள். இத்தனை ஆண்டுகளில் கட்டியின் குணம் மாறியிருக்கலாமாம். ஹார்மோனால் கட்டி வளர்வதைக் காட்டும் ஹார்மோன் ஏற்பி இருந்தது, கட்டியை வேகமாக வளர்க்கும் ஹெர்-2 புரதம் மிகுதியாக இல்லை. கல்லீரலும் நுரையீரலும் நன்றாக இருந்ததால் கீமோவைத் தள்ளிவைத்து ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல், புற்றணு பெருகுவதைத் தடுக்கும் பால்போசிக்லிப் மாத்திரைகளைக் கொடுத்தார்கள். பால்போசிக்லிப்பின் காப்புரிமை 2023-இல் முடிந்து நம் நாட்டு நிறுவனங்கள் தயாரிப்பதால்தான் எங்களால் வாங்க முடிகிறது.

இந்தப் பிரிவுக்கு உயிர் அங்குள்ள செவிலியர். அத்தைக்கு எழுத்து தெரியாது. அதனால் செவிலியர் எங்கள் வீட்டுக் காலண்டரைக் கொண்டுவரச் சொல்லி, பால்போசிக்லிப் போடும் 21 நாள்களுக்கு மஞ்சள் பொட்டும், அதை நிறுத்தும் 7 நாள்களுக்குச் சிவப்புப் பெருக்கல் குறியும் போட்டுக் கொடுத்தார். லெட்ரோசோல் மட்டும் தினமும் உண்டு. "காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், மாத்திரையால் ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறைந்திருக்கலாம்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். எலும்புக்கான சொலெட்ரோனிக் அமிலம் ஏற்றுவதற்கு முன் பல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். பிறகு பல்லைப் பிடுங்க நேர்ந்தால் தாடை எலும்பு ஆறாமல் போகலாமாம். ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை எடுத்து, புண் ஆறும்வரை காத்திருந்தோம்.

இடுப்புக்கு ஒரே ஒருமுறை கதிர்வீச்சு. வலிக்கு மார்ஃபின் என்றதும் நான் பயந்தேன். வலிக்கேற்ற அளவில் மருத்துவர் சொன்னபடி கொடுத்தால் அஞ்ச வேண்டாம் என்று விளக்கி, கூடவே அதனால் வரும் மலச்சிக்கலுக்கும் மருந்து தந்தார்கள். மூன்றாம் வாரம் அத்தை திரும்பிப் படுத்துத் தூங்கினார்.

மருந்து வாங்கும் வரிசைதான் கொடுமை. எலும்பில் நோய் உள்ளவர்களை இரண்டு மணி நேரம் இரும்புப் பெஞ்சில் உட்கார வைக்கலாமா? படுக்க நான்கு கட்டிலாவது போட வேண்டும். போகிறவர்கள் தலையணை ஒன்றும், பழைய பயாப்சி அறிக்கையும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்.