பிக்கப்பில் கூடுதல் விளக்கு: மூன்று மார்கழிக்குப் பிறகு

போன வாரம், மூன்று வருடத்தில் நான்காவது தடவையாக, பனி விளக்கைச் சரிசெய்ய வண்டியின் முன்பக்கத்துக்கு அடியில் படுத்தேன். அன்று சாயங்காலமே அக்கா மகன் போன் செய்தான். "மாமா, நானும் பிக்கப் எடுத்துட்டேன். உங்க வண்டில இருக்கற மாதிரியே லைட்டு போடணும். எந்தக் கடைல வாங்கினீங்க?" கடை பெயரைச் சொல்லி வைத்திருக்கலாம். மனம் வரவில்லை. அவனுக்குச் சொன்னதையும், போனில் சொல்ல முடியாமல் போனதையும் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு மாரண்டஹள்ளி பக்கம். வருடம் முழுக்கத் தக்காளி, சீசனில் மாங்காய். விடிகாலை மூன்று மணிக்குத் தோட்டத்தில் லோடு ஏற்றி, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போவதுதான் பெரும்பாலும் என் ஓட்டம். கார்த்திகை பிறந்துவிட்டால் ராயக்கோட்டை தாண்டியதும் பனி இறங்கிவிடும். சில நாள் பத்தடிக்கு மேல் ரோடு தெரியாது. ஹெட்லைட்டில் பிரைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி அடிக்கும். அதற்காகத்தான் பம்பருக்குக் கீழே இரண்டு மஞ்சள் ஹாலஜன் விளக்கு, ஒவ்வொன்றும் 55 வாட், போட்டேன். கூடவே கேபினுக்குப் பின்னால், லோடு ஏற்றும் பாடியைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன வெள்ளை எல்இடி. அந்தப் பின்விளக்கை நான் கேட்கவே இல்லை. கடைக்காரர்தான் "இதையும் வச்சுக்குங்க, லோடு ஏத்தறப்ப ஆகும்" என்று கையில் கொடுத்தார்.

முன்விளக்கில் நான் பட்ட பாட்டுக்கு விளக்கு காரணமே இல்லை. ஒயரிங்தான் காரணம். மாட்டிக்கொடுத்தவர் ஹெட்லைட்டில் ஒயர் செருகும் கப்ளருக்குப் பின்னால் ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டார். இரண்டு விளக்கும் சேர்ந்தால் 110 வாட், 12 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஹெட்லைட் தன் பங்குக்கு இழுப்பதோடு இதுவும் சேர்ந்து அந்த ஒல்லி ஒயரிலும் சுவிட்சிலும் ஓடினால் என்ன ஆகும்? நான்காம் மாதம் சுவிட்ச் தொட முடியாத அளவுக்குச் சூடாகி, கேபினில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. நல்லவேளை, அன்று வண்டி வீட்டு வாசலில் நின்றது.

அப்புறம்தான் ரிலே போட்டேன். சின்னக் கரண்டை வாங்கிப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச் அது. ஆரம்பத்திலேயே போட்டிருக்க வேண்டியது. நான்கு கால் ரிலேவில் 30 என்று எழுதிய காலுக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் வரும். அந்த ஒயரில் பேட்டரியை ஒட்டியே ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸ். 87-லிருந்து விளக்குக்குப் போகும். 86-க்கு சுவிட்ச், 85-க்கு எர்த், அதாவது கரண்ட் வண்டித் தகரம் வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி. இப்படிப் போட்டால் கேபின் சுவிட்ச் ரிலேவைத் தட்டி எழுப்பும் வேலையை மட்டும் செய்யும், அதில் ஓடும் கரண்ட் கால் ஆம்பியர்கூட வராது. சுவிட்சுக்கு வரும் கரண்டைப் பார்க்கிங் லைட்டிலிருந்து எடுத்தேன். பார்க்கிங் லைட்டை அணைத்தால் பனி விளக்கும் சேர்ந்து அணைந்துவிடும், மறந்து விட்டுப்போய் பேட்டரி இறங்காது. ஒயர் 2.5 ஸ்கொயர் எம்எம். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பதை அக்கா மகனிடம் மூன்று தடவை சொன்னேன். விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவில் ஒயர் உரசித் தகரத்தில் பட்டதும் தீதான்.

இத்தனை செய்தும் தொல்லை தீரவில்லை. ஒவ்வொரு மழைக்கும் வெளிச்சம் மங்கும். இடது பக்க இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கப் பனி விளக்கும் கூடவே மினுக்கும். பல்பு மாற்றினேன். சரியாகவில்லை. வேறொருவர் ரிலேவை மாற்றினார். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, அடுத்த மழைக்கு மறுபடியும் பழைய கதை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு மல்டிமீட்டர் வாங்கி நானே உட்கார்ந்தேன்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட். விளக்கு எரியும்போது அதன் இரண்டு முனைக்கும் நடுவில் 11.2 தான் இருந்தது. ஹாலஜனுக்கு இவ்வளவு வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த் ஒயரிலும் இன்னொன்றைப் பேட்டரி மைனஸிலும் வைத்தேன். ஒன்றுமே காட்டக்கூடாத இடத்தில் 2.2 வோல்ட் காட்டியது. களவு போன இடம் அதுதான். எர்த் ஒயரைப் பம்பர் போல்ட்டில் கட்டியிருந்தார்கள், அதுவும் பெயின்ட் மேலேயே. பெயின்ட் கரண்டைக் கடத்தாது. போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கப் பிடிக்க அதுவும் அடைந்துவிட்டது. இண்டிகேட்டருக்கும் அதே போல்ட்டில்தான் எர்த், அதனால்தான் சேர்ந்து மினுக்கியிருக்கிறது.

போன வாரம் செய்த வேலை இதுதான்: இரண்டு விளக்கிலிருந்தும் தனியாகக் கறுப்பு ஒயர் இழுத்துப் பேட்டரி மைனஸ் வரைக்கும் கொண்டுபோனேன். முனையில் வளைய லக் அழுத்தி, ஈயம் வைத்து, ஸ்லீவ் சுருக்கி, மேலே கிரீஸ் தடவினேன். இப்போது அந்த 2.2 வோல்ட், 0.1-க்கு வந்துவிட்டது. பெயின்ட் சுரண்டாமல் கட்டிய ஒரே ஒரு ஒயருக்காக இரண்டு பல்பு, ஒரு ரிலே, மூன்று நாள் வேலை போனது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. ஏன் தேய்க்காமல் விடுகிறார்கள்? எனக்கு இன்னமும் ஆறவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். விளக்கு அருமையான விளக்கு. கண்ணாடியில் கல் பட்டும் விரிசல் இல்லை. கிளாம்ப் நட்டுகளை, தானாகக் கழலாத நைலாக் நட்டாக மாற்றிய பிறகு அதிர்வில் தலை கவிழ்வதில்லை. பனியில் ரோட்டோரத்து வெள்ளைக் கோடு கால்மாட்டில் தெளிவாகத் தெரிகிறது. கேபின் மேலே எல்இடி பார் கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். பனியில் அது ஒன்றுக்கும் உதவாது, உயரத்திலிருந்து அடிப்பதால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் எழும்பும். எதிரே டூவீலரில் வருகிறவனுக்குக் கண் போய்விடும். சோதனையில் அபராதமும் உண்டு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை காட்டு ரோட்டில் யானை நின்றால் நான் பனி விளக்கையும் சேர்த்து அணைத்துவிட்டு, தூரத்திலேயே நிறுத்திக் காத்திருப்பேன்.

ஆனால் நான் ஆசையாகப் பேசுவது அந்தப் பின்விளக்கைப் பற்றித்தான். 18 வாட், ஒன்றரை ஆம்பியர். மூன்று வருடத்தில் ஒரு நாளும் தொந்தரவு கொடுத்ததில்லை. முன்பெல்லாம் பையன் செல்போனை வாயில் கவ்விக்கொண்டு பெட்டி அடுக்குவான். இப்போது பாடி முழுக்கப் பகல் மாதிரி இருக்கிறது. தோட்டத்து மஞ்சள் பல்பில் எல்லாத் தக்காளியும் ஒரே சிவப்பாகத் தெரியும். இந்த வெள்ளை வெளிச்சத்தில் செங்காய் எது, பழம் எது, காம்போரம் வெடித்தது எது என்று பளிச்சென்று தெரிகிறது. தோட்டத்து அம்மாக்கள் இப்போதெல்லாம் தார்ப்பாயை என் வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் தரம் பிரிக்கிறார்கள். "லைட்டு வண்டி வந்துருச்சா?" என்று கேட்கிறார்கள். மாங்காய் சீசனில் பால் வடிந்து கறை பட்ட காயையும் ஏற்றும்போதே ஒதுக்கிவிடலாம். மண்டியில் விடிந்த பிறகு "இது கழிவு" என்று கூடைக்குக் கூடை விலையைக் குறைப்பது எனக்குப் பெரிதும் நின்றுவிட்டது.

அதனால் அக்கா மகனிடம் முன்விளக்கே வேண்டாம் என்றேன். இத்தனை புகழ்ந்துவிட்டு ஏன் என்று கேட்டான். அவன் ஓட்டம் பாதிக்கு மேல் பகலில்தான், பனியில் மாட்டப்போவது வருடத்தில் இருபது நாள். அந்த இருபது நாளுக்காக இந்த அவஸ்தையை இன்னொருத்தன் படக்கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பின்விளக்கை மட்டும் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கேட்காமல் முன்விளக்கும் வாங்கிக்கொண்டு வந்தால் மாட்டித் தருவேன், ஆனால் எர்த் ஒயரை வேறு யாரையும் தொட விடமாட்டேன். உப்புத்தாள் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.