ஹட்டனில் பைதான் வகுப்பு: தாராளமாகச் சேர்க்கலாம்

ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் தம்பியை ஹட்டன் டவுனில் ஒரு மாடி வகுப்பில் பைதான் என்ற கம்பியூட்டர் புரோகிராம் மொழி படிக்கச் சேர்த்தோம். அருமையான வகுப்பு.

அவன் எழுதும் கேமில் தேயிலை மலைக்குள் சிறுத்தையும் காட்டுப்பன்றியும் ஓடும். 'விலங்கு' என்ற கிளாஸிலிருந்து (புரோகிராமில் ஒரு வகைப் பொருளுக்கான அச்சு) 'சிறுத்தை' என்ற பிள்ளை கிளாஸ் வருகிறது. உயிர், வேகம் இரண்டும் விலங்கின் இனிட்டில், அதாவது ஒரு விலங்கை உருவாக்கும்போது ஓடும் தொடக்கப் பகுதியில், இருக்கின்றன. சிறுத்தைக்குத் தனியாக ஓர் இனிட் எழுதியதும், 'உயிர்' என்ற அட்ரிபியூட்டே (பண்பே) இல்லை என்று எரர். கூட்டிவரப் போன நான் பின்னால் நின்று பார்த்தேன். மிஸ் கீபோர்டைத் தொடவே இல்லை. இரண்டு இனிட்டுக்குள்ளும் திரையில் ஒரு வரி காட்டும் பிரின்ட் ஒவ்வொன்று போடச் சொன்னார். ஓட விட்டால் சிறுத்தையின் வரி மட்டும் வந்தது. பிள்ளை கிளாஸில் இனிட் எழுதினால் தாய் கிளாஸின் இனிட் தானாக ஓடாது, நாம்தான் கூப்பிட வேண்டும் என்பது தம்பிக்கு அங்கேயே பிடிபட்டது. தாய் கிளாஸின் இனிட்டைக் கூப்பிட, சூப்பர்().__இனிட்__(உயிர், வேகம்) என்று சிறுத்தையின் இனிட்டில் முதல் வரியாகச் சேர்த்தான். சிறுத்தை ஓடியது! அப்புறம் அந்த வரியிலிருந்து வேகத்தை எடுத்துவிட்டு ஓட்டச் சொல்லி, கொடுக்க வேண்டியது ஒன்று குறைந்தால் டைப் எரர் எப்படி வரும் என்பதையும் மிஸ் காட்டினார். விடையைச் சொல்லிவிட்டுப் போகாத இந்தப் பொறுமைக்கே காசு கொடுக்கலாம்.

குறை என்றால், ஒரு கம்பியூட்டருக்கு இரண்டு பேர். வகுப்பு முடிய இருட்டிவிடுகிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு பஸ் கஷ்டம். சனிக்கிழமை காலையில் ஒரு பிரிவு தொடங்கினால் டிக்கோயா, நோர்வூட் பக்கத்துப் பிள்ளைகளும் வரலாம். தயவுசெய்து தொடங்குங்கள், மிஸ்.