கோயில், சர்ச், பள்ளிவாசல் அறக்கட்டளைகளுக்கு வருமான வரி இணையதளம் எப்படி?

வரி விலக்கு தானாக வருவதில்லை, பதிவு வேண்டும்; 1961 வருமான வரிச் சட்டத்தில் அது 12ஏபி பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தில் 2025 சட்டம், எனவே இங்குள்ள பிரிவு, படிவ எண்கள் பழைய சட்டத்தவை. இந்தச் சேவையில் விண்ணப்பக் கட்டணம் இல்லை. இன்னும் பணி தொடங்காத புதிய அறக்கட்டளை படிவம் 10ஏ போட்டால் 3 ஆண்டு தற்காலிகப் பதிவு சுலபமாகக் கிடைக்கிறது. அந்த வேகம் பாராட்டத்தக்கது.

சிக்கல், முறையான பதிவுக்கான படிவம் 10ஏபி-யில்தான். பிரிவுக் குறியீட்டைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். பான் அட்டைப் பெயரும் பத்திரப் பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் இழுபறி. அறக்கட்டளை கலைந்தால் சொத்து யாருக்குப் போகும் என்ற ஷரத்து பத்திரத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பதிவுக்குப் பிறகு வருமானத்தில் 85% நோக்கத்துக்காகச் செலவாக வேண்டும். திருவிழாப் பந்தல்காரருக்கு ஒரே நாளில் 12,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவுக் கணக்கில் சேராது. வரம்பு 10,000. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோதான் வழி. அந்த 85%-இல் செலவாகாததைப் பெரிய திருப்பணிக்குச் சேர்த்துவைக்கப் படிவம் 10 உண்டு, 5 ஆண்டு வரை.

உண்டியல் பணத்துக்குப் பெயர் தெரியாத நன்கொடை வரி, முழுக்க மத அறக்கட்டளை என்றால் இல்லை. மதப் பணியோடு அறப்பணியும் செய்யும் அறக்கட்டளை நடத்தும் பள்ளிக்கென்று வந்த பெயரில்லாத பணத்துக்கு, வரம்பைத் தாண்டினால் 30%. எண்ணும் நாளிலேயே நோட்டு வாரியாகத் தாள் எழுதி, இருவர் கையெழுத்திட்டு, வங்கியில் கட்டிவிடுங்கள்.

கணக்குக் காட்டுபவருக்கே விலக்கு என்பது நியாயமான ஏற்பாடு. ஆனால் ஒரு வேளை பூஜை நடக்கும் சிற்றூர் அறக்கட்டளைக்கும், ஆண்டு வருமானக் கணக்குப் படிவமான ஐடிஆர்-7-இன் அத்தனை பக்கங்களும் என்பது கொடுமை. அதற்கென்று ஒரு சுருக்கப் படிவம் வந்தே ஆக வேண்டும்.