விளையாடும் நேரம்: கேள்வித்தாளா, சர்வர் பதிவா?

சென்னையில் வீடியோ கேமும் பாலினமும் பற்றி ஆய்வு செய்யும் மாணவருக்கு கூகுள் ஃபார்ம்தான் எளிது, செலவில்லை. ஆனால் விளையாடும் நேரத்தை அதில் மட்டும் கேட்டால் முடிவு சாய்ந்துவிடும். எவர்க்வெஸ்ட் 2 என்ற ஆன்லைன் கேம் ஆடுபவர்களின் பதில்களை, கேம் நிறுவனத்தின் கணினி தானாகக் குறித்துவைக்கும் சர்வர் பதிவோடு ஒப்பிட்ட 2009 ஆய்வில், பெண்கள் வாரத்துக்குச் சுமார் 3 மணி நேரம் குறைத்துச் சொன்னது தெரிந்தது. ஆண்கள் குறைத்தது சுமார் 1 மணி நேரம். உண்மையில் அங்கே அதிக நேரம் ஆடியவர்கள் பெண்கள்தான்!

சர்வர் பதிவு நிமிடம் தவறாது. ஆனால் அண்ணனும் தங்கையும் ஒரே ஐடியில் ஆடினால் பாலினம் குழம்பும். தொல்லைக்கு அஞ்சி ஆண் பெயரில் ஆடும் பெண்களும் உண்டு. கேம் நிறுவனங்களிடம் அந்தப் பதிவை வாங்குவதும் கடினம்.

கிடைக்காவிட்டால், போனின் ஸ்கிரீன் டைம் பக்கத்திலிருந்து 7 நாள் கணக்கைக் கேளுங்கள். போனை வேறு யாரும் பயன்படுத்துகிறார்களா என்றும் கேளுங்கள். பாலினக் கேள்வியைக் கடைசியில் வையுங்கள். முதலிலேயே கேட்டால் மற்ற பதில்கள் ஆண், பெண் என்ற பிம்பத்துக்கு ஏற்ப வளையக்கூடும்.