தமிழ்99-க்காக நான் கோத்த கீபோர்டு: எட்டு மாதத்துக்குப் பிறகு

நாள் முழுக்கத் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்பவன் நான். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும், ஆனால் சொல் முடிவில் வரும் ன், ம், ல் எல்லாவற்றுக்கும் எஃப் விசைதான், அதாவது இடது ஆள்காட்டி விரல்தான். அந்த விரல் மாலைக்குள் வலிக்க ஆரம்பித்ததால்தான் இந்தக் கீபோர்டையே கோத்தேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான் ஏறி இறங்கிய கடைகளில் ரெடிமேட் கீபோர்டுதான் காட்டினார்கள். ஆனாலும் போனது நல்லதாயிற்று, அங்கே ப்ளூ ஸ்விட்ச் (விசைக்கு அடியில் இருக்கும் பொத்தான்) போட்ட ஒன்றை அடித்துப் பார்த்தேன். அந்த டக் டக் சத்தத்தோடு ராத்திரி ஹாலில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது, வீட்டில் குழந்தை தூங்குகிறாள். அதனால் நான் எடுத்தது கேட்டரான் கம்பெனியின் யெல்லோ ஸ்விட்ச், அழுத்த 50 கிராம் விசை போதும், 'டக்' இல்லாத லீனியர் வகை. தடங்கலில்லாமல் இறங்குகிறது, விரல்வலி இரண்டு வாரத்தில் குறைந்துவிட்டது.

பாகங்களை ஆன்லைனில்தான் வாங்கினேன். ஸ்விட்ச் உட்காரும் சர்க்யூட் போர்டு ஹாட்ஸ்வாப், செருகினால் போதும், சாலிடரிங் வேண்டாம். ஐந்து பின் ஸ்விட்ச் உட்காரும் என்று சொல்லி விற்றவர் அனுப்பியது மூன்று பின் போர்டு. கேட்டதற்கு "கட் பண்ணிக்கலாம் சார்" என்றார். 84 ஸ்விட்ச், ஒவ்வொன்றிலும் மூன்று பின் போர்டில் நுழையாத இரண்டு பிளாஸ்டிக் கால், மொத்தம் 168 கால்களை நகவெட்டியால் வெட்டினேன். வாங்கும் முன் போர்டின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: நடு ஓட்டைக்கு இரு பக்கமும் சின்ன ஓட்டை இருந்தால்தான் ஐந்து பின். குறைந்தது பத்து ஸ்விட்ச் கூடுதலாக வாங்குங்கள், அவசரமாக அழுத்தினால் செம்புக் கால் மடங்கிவிடும்.

கேஸ், விளக்கு இதிலெல்லாம் காசைக் கொட்டாதீர்கள், நீள விசைகள் ஆடாமல் தாங்கும் ஸ்டெபிலைசருக்குக் கொடுங்கள். ஸ்பேஸ்பாரின் இரு முனையையும் தாங்குவது ஒரு வளைந்த கம்பி, அது கூட்டுக்குள் ஆடினால் ஒவ்வொரு சொல்லுக்கும் கலகலவென்று கேட்கும். கம்பி நுனியில் மெல்லிய பிரஷால் கிரீஸ் தடவிப் பொருத்தினேன், சத்தம் அடங்கி 'தொப்' என்று கனமாக விழுகிறது. எத்தனை நாள் ஆனாலும் அந்தச் சத்தம் சலிக்கவில்லை.

கீகேப், அதாவது விசையின் மேல்மூடி, பிபிடி பிளாஸ்டிக்தான். நம்ம ஊர் வியர்வைக்கு என் பழைய ஏபிஎஸ் பிளாஸ்டிக் கீகேப்கள் ஆறே மாதத்தில் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கின, இவை இன்னும் சொரசொரப்பாகவே இருக்கின்றன.

பேக்ஸ்பேஸில் மட்டும் லேசாகக் கலகலப்பு மிச்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கழற்றி, இன்னொரு தடவை கிரீஸ் வைக்க வேண்டும்.